வலி மாத்திரை: தா.பழூர் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தா.பழூர் ஒன்றியத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த அக்காமாரே, தங்கச்சிமாரே,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கிற சன்னலுக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானுமாக எத்தனையோ வருஷம் பேசியிருக்கிறோம். இப்போதும் தெருவில் பார்த்தால் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டி, "இது எதுக்குன்னு பாரு" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்.

மதனத்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சந்தாப் பணம் எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கி முடிந்த பிறகு ஓர் அக்கா அட்டையை நீட்டினார். இரண்டு முழங்காலும் தேய்மானம். ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தது. "மவன் இதப் பாத்துட்டு, இது போத மாத்திரைம்மா, இதத்தான் போலீசு புடிக்கிறாங்க, தூக்கிப் போடுங்கறான். மருமவ, டாக்டர் எழுதுனத எப்படித் தூக்கிப் போடறதுங்கறா. நீ என்னா சொல்ற?"

அட்டையில் இருந்தது டிரமடால். அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. மகன் சொன்னதிலும் உண்மை இருந்தது, மருமகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த அக்காவுக்கு எந்த வேலை செய்யும்போது வலிக்கிறது, ராத்திரி தூங்குகிறாரா, இந்த மாத்திரையால் ஏதாவது குறைந்ததா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை என்றுதான் தெரிந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் வலி என்றால் இதே வகையைச் சேர்ந்த மார்பினுக்குத் தயங்காதீர்கள். முழங்கால், இடுப்பு, முதுகு என்று வருஷக்கணக்கில் இழுக்கிற வலிக்கு இந்த வகை மருந்தை அன்றாடம் சாப்பிடுகிற பழக்கத்துக்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் நடுவே, வேறு வழி அடைபட்டு நிற்கிற சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் கெடு வைத்து, கணக்கு வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ப்பக்கம் நடப்பது நேர் தலைகீழ். மூட்டுவலிக்கு இதைத் தெரியாமலே விழுங்குகிறோம். புற்றுநோய்க்காரருக்கு மார்பின் என்றால் குடும்பமே அலறுகிறது.

முதலில், தெரியாமல் விழுங்குவதைப் பற்றி.

கொள்ளிடக் கரையில் நடவும் களையும் முழுநாள் குனிந்த இடுப்போடுதான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்குவதும் அப்படியே. உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் பக்கம் பட்டுத்தறிக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற வீட்டு ஆண்களுக்குக் கழுத்துவலி. சாயங்காலம் மெடிக்கலுக்குப் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்கிறோம். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேஸ் மாத்திரை. கத்தரியால் வெட்டிய துண்டுகள், காகிதப் பொட்டலத்தில். வெட்டின துண்டில் மருந்தின் பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிகிறது. அதனால் மறுநாளும் ஒரு செட்டு.

அந்தப் பொட்டலத்தில் மூன்று குடும்பத்து வலி மருந்துகள் வரலாம். ஒன்று பாராசிட்டமால். இன்னொன்று வீக்கத்தைக் குறைக்கிற டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை. மூன்றாவதுதான் அபின் வகை: டிரமடால், டபென்டடால், கோடீன், மார்பின், தோலில் ஒட்டுகிற பென்டனில் பட்டை. நம் ஊரில் அதிகம் புழங்குவது டிரமடால். பெரும்பாலும் தனியாக வராது; டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் என்று ஒரே மாத்திரையாக வரும். வாங்குகிறவர்கள் "பவர் ஜாஸ்தி பாராசிட்டமால்" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டிரமடாலை 2014 முதல் எச்1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கையும், மருந்துச் சீட்டுக் குறிக்கு முன்னால் 'என்' என்ற இங்கிலீஷ் எழுத்து சேர்ந்த சிவப்பு முத்திரையும் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்புக் கட்டம் கண்ணுக்குத் தெரியும். வெட்டின துண்டை வாங்காதீர்கள், முழு அட்டையைக் கேளுங்கள் என்று நான் சன்னலில் கத்திக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

அந்த அக்காவின் மகன் பயந்ததற்கும் காரணம் உண்டு. டபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற இளவட்டங்களைப் பற்றி நம் மாநிலத்துச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். டபென்டடாலையும் தசையைத் தளர்த்துகிற கேரிசோபுரோடாலையும் ஒன்றாகச் சேர்த்து இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியது வெளியே தெரிந்து, 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தக் கூட்டு மருந்தின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்தது. ஆக இது வெறும் வதந்தி இல்லை. ஆனால் போதைக்குக் கரைத்துக் குத்திக்கொள்கிற பையனும், முழங்கால் தேய்ந்து மாத்திரை விழுங்குகிற அறுபது வயது அம்மாவும் ஒரே ஆள் இல்லை. இருவருக்கும் ஆபத்து இருக்கிறது, ஆனால் வேறு வேறு ஆபத்து.

அபின் என்றதும் ஏதோ நமக்கு அந்நியமான பொருள் என்று நினைக்காதீர்கள். நாம் குருமாவுக்கு அரைத்து விடுகிற கசகசாவும் மார்பினும் ஒரே செடியில் கிடைப்பவைதான். கசகசா விதை, அபின் அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்கிற ஜெர்மன்காரர், 1800களின் தொடக்கத்தில். அவரும் மருந்துக்கடைக்காரர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை உண்டு.

அபின் வகை மருந்து முழங்காலில் எதையும் செய்வதில்லை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய், வலிச் செய்தியை அங்கே குறைக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்தபடியேதான் கிடக்கும். அதே மருந்து குடலையும் மந்தமாக்கும். மூச்சு விடச் சொல்கிற மூளைப் பகுதியையும் மந்தமாக்கும். கொஞ்ச நாளில் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். முன்பு ஒரு மாத்திரையில் அடங்கிய வலி இரண்டு கேட்கும். நிறுத்தினால் வேர்வை, நடுக்கம், பேதி, தூக்கமின்மை. உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. பழகிப்போனவரை மெல்ல மெல்ல அளவைக் குறைத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். குடும்பம், வேலை, மானம் எல்லாம் போனாலும் பரவாயில்லை, மாத்திரை வேண்டும் என்று தேடி அலைவதுதான் அடிமைத்தனம். பழகிப்போன பெண்ணைப் பார்த்து "போத புடிச்சவ" என்று பேசுவது அநியாயம். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வலி கூர்மையாவதும் உண்டு. மருந்தே வலியைப் பெரிதாக்குகிறது, அவர்களோ அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

நான் பார்த்தவரை, வயதானவர்களைத் தள்ளிவிடுவது இந்தப் பெரிய ஆபத்துகளைவிடச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கிறுகிறுப்பு வந்து ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது. நாலைந்து நாள் வயிறு போகாமல் ஊதிக் கிடப்பது. அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை, வயிற்றுக்கு இன்னொரு டாக்டர், இன்னொரு சீட்டு. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டிரமடாலால் வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து உடம்பு படபடத்துக் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. சாராயத்தோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வரியில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் அபின் வகை மருந்தை வாங்கிய 11,882 பேரில் நாலு பேர்தான் அடிமையானதாகப் பதிவு இருக்கிறது என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் சில நாள் வாங்கியவர்களின் கணக்கு அது. வீட்டில் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. பர்டூ என்ற கம்பெனி 1996இல் ஆக்சிகோடோன் என்ற அபின் வகை மருந்தை நீண்ட நேரம் வேலை செய்கிற மாத்திரையாகக் கொண்டுவந்தபோது, 'அடிமையாவது மிக அரிது' என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. அந்த ஐந்து வரிக் கடிதத்தை மருத்துவக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கான தடவை மேற்கோள் காட்டின. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அள்ளி எழுதினார்கள். 2007இலும் 2020இலும் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2022 வரை அபின் வகை மருந்தும் போதையும் அளவு மிஞ்சி அந்த நாட்டில் செத்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 27 ஆயிரம் பேர்.

அவ்வளவு எழுதிக் கொடுத்தார்களே, வலியாவது குறைந்ததா? இதைச் சோதித்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்னாள் படைவீரர்கள் 240 பேர். நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் தேய்மானம். நம் கூட்டத்தில் நீட்டுகிற அதே வலிகள். பாதிப் பேருக்கு அபின் வகை மருந்து, பாதிப் பேருக்குப் பாராசிட்டமாலும் டைக்ளோபினாக் குடும்பத்து மருந்துகளும். ஒரு வருஷம் கழித்து நடை, வேலை, தூக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, அபின் வகை சாப்பிட்டவர்கள் 4.0 என்றார்கள், மற்றவர்கள் 3.5 என்றார்கள். பக்கவிளைவு அபின் பக்கம்தான் அதிகம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இரண்டாவது பக்கத்திலும் வேறு எதுவும் கேட்காத சிலருக்குக் கடைசிப் படியாக டிரமடால் கொடுத்தார்கள். கடைசிப் படியாக, சிலருக்கு. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அதற்காக டைக்ளோபினாக் சாதுவான மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். நமக்கும் சர்க்கரை, பிரஷர் இருந்து தினமும் அதை விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். வாரம் ஒருமுறை இடுப்பில் போட்டுக்கொள்கிற 'வலி ஊசி' பெரும்பாலும் இதேதான், சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்து. ஊசி போட்டால்தான் கேட்கிறது என்பவர்கள், ஊசியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள்.

இனி அடுத்த பக்கம். எனக்கு அதிகம் மனவேதனை தருவது இதுதான்.

வாய்ப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் என்று தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அலைந்து, "இனிமே வீட்டுல வச்சிப் பாத்துக்குங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ராத்திரி முழுக்க முனகல். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வதைக்கூடப் பார்த்திருக்கிறேன். மார்பின் கேட்டுப் பாருங்கள் என்று நான் சொன்ன ஒரு வீட்டில் மூத்த மகன் வாசலுக்கு வந்து, "அது கடைசி மருந்துங்க. ஆரம்பிச்சா அவ்வளவுதான்" என்றார். பாராசிட்டமாலும் டைக்ளோபினாக்குமாகவே அந்த அம்மாவின் கடைசி மாதங்கள் போயின.

அளவறிந்து கொடுத்தால் மார்பின் சாவைச் சீக்கிரம் கூட்டிவருவதில்லை. வலி அடங்கினால் கஞ்சி இறங்கும், தூக்கம் வரும், பேரப்பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச முடியும். ஐந்து அல்லது பத்து மில்லிகிராம் மாத்திரையில் ஆரம்பித்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வரும் முன்னே கொடுப்பது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. அதனால் பேதி மருந்தும் முதல் நாளே சேர்ந்து வர வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். வலி கூடினால் டாக்டர் அளவைக் கூட்டலாம். இதற்கு இவ்வளவுதான், இதற்கு மேல் வேலை செய்யாது என்ற உச்சம் மார்பினுக்கு இல்லை. புற்றுநோய்க்காரருக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியில் கிடத்துவதைவிடப் பெரிய கொடுமை ஒன்றை நான் பார்த்ததில்லை.

பயந்தது குடும்பங்கள் மட்டுமல்ல, சட்டமும் பயந்தது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. பத்து வருஷச் சிறை, நாலைந்து உரிமம், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்குவதையே விட்டுவிட்டன. 1985இல் 716 கிலோவாக இருந்த நாட்டின் மார்பின் பயன்பாடு 1997இல் 18 கிலோவுக்கு இறங்கியது. உலகத்துக்கே அபின் விளைவித்துக் கொடுத்த நாட்டில் இந்தக் கதி. கேரளத்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்பின், பென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறையும் 'அத்தியாவசிய' மருந்து என்று தனியே பிரித்தார்கள். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அனுமதி போதும். சட்டம் மாறிவிட்டது. பயம் மாறவில்லை. 2017இல் லான்செட் இதழின் ஆணையம் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் இந்த வகை வலி மருந்துத் தேவையில் நாலு சதவீதம்தான் கிடைத்தது.

இனி, நடுவில் நிற்கிறவர்கள். முடிவெடுக்கக் கஷ்டமான இடம் இதுதான்.

முழங்கால் முற்றாகத் தேய்ந்திருக்கும். இதய நோயால் ஆபரேஷன் முடியாது என்றிருப்பார்கள். சிறுநீரகம் கெட்டதால் டைக்ளோபினாக்கும் ஆகாது. முதுகெலும்பு ஆபரேஷன் ஆனபிறகும் வலி விடாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு "அபின் வேண்டாம்" என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவது அழகல்ல. இவர்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பேசும்போது 'வலி போகணும்' என்று கேட்காதீர்கள். முழுசாகப் போகிற வலி இல்லை இது. 'ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய் வரணும்', 'இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழணும்', 'ராத்திரி நாலு மணி நேரமாவது தூங்கணும்' என்று சொல்லுங்கள். அதை அளவாக வைத்து ஒரு மாதத்துக்குள் பாருங்கள். நடையும் தூக்கமும் கூடவில்லை என்றால் மருந்து தோற்றது என்று பொருள், அளவைக் கூட்டாமல் நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள். எப்படி நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கிற நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும், மெடிக்கல் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரையை மறைக்காதீர்கள். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் சொல்லுங்கள். முதல் சில நாளும், அளவு கூடுகிற நாளிலும் வண்டி ஓட்டக் கூடாது. லாரி ஓட்டுகிற வீட்டு ஆண்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டில் குடிக்கிறவரோ வயதுப் பையன்களோ இருந்தால் மாத்திரையைப் பீரோவில் பூட்டுங்கள், எண்ணி வையுங்கள். 'எனக்கு நல்லா கேட்டுச்சி' என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரெண்டு மாத்திரை கொடுத்தனுப்புவதும் வேண்டாம்.

காலெரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி, கரண்டு பாய்கிற மாதிரி வலி என்றால் அது பெரும்பாலும் நரம்பு வலி. சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இதுதான். அதற்கு முதலில் கேட்க வேண்டியது அமிட்ரிப்டிலின், டுலக்செட்டின், கபாபென்டின் போன்றவை. ராத்திரி சாப்பிடுகிற சிறிய அளவு அமிட்ரிப்டிலினுக்கு விலையும் குறைவு. 'இது மனநல மாத்திரையாமே' என்று பயந்து நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே மருந்து சிறிய அளவில் நரம்பு வலிக்கும் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

முழங்காலுக்கு, தொடைத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சி மருந்துக்குச் சமமாக நிற்கிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். "நாள் பூரா வேல செய்யறோம், இன்னும் என்னா எக்சர்சைஸு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். வயல் வேலை மூட்டைத் தேய்க்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுகிற வேலை தசையை வளர்க்கிறது. இரண்டும் வேறு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் இல்லை, இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. அதில் வீடு வீடாக வருகிற பெண் தன்னார்வலர்கள் உங்கள் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். ஆனால் படுக்கையில் கிடப்பவர் இருக்கிற வீட்டிலும் பிரஷர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் டிரமடால் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். அமெரிக்காவில் அள்ளிக் கொடுத்த பிறகு பயந்துபோய்த் திடீரென்று பிடுங்கினார்கள். தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று 2019இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்க வேண்டி வந்தது. டாக்டரிடம் சொல்லி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இன்னொரு விஷயம், பெண்கள் என்பதால். உங்கள் வலியைப் பற்றிய முடிவை நீங்கள் எடுப்பதே இல்லை. மகன் தூக்கிப் போடச் சொல்கிறான், வீட்டுக்காரர் "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்கிறார், டாக்டர் உங்களைக் கேட்காமல் கூட வந்தவரைக் கேட்கிறார். நீங்களும் "சும்மா லேசாத்தான்" என்கிறீர்கள். பத்துக்கு எட்டு வலித்தால் எட்டு என்று சொல்லுங்கள். லேசு என்று சொன்னால் லேசான வைத்தியம்தான் கிடைக்கும்.

மதனத்தூர் அக்காவுக்கு நான் சொன்னது: மகன் சொல்கிறபடி குப்பையில் போட வேண்டாம், மருமகள் சொல்கிறபடி தொடரவும் வேண்டாம். இரண்டு வாரமாகத்தான் சாப்பிட்டிருக்கிறார், நடையில் ஒரு மாற்றமும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள், முழங்கால் மாற்று ஆபரேஷன் தேவையா, காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள முடியுமா என்று விசாரியுங்கள் என்றேன்.

இதையெல்லாம் ஒருத்தி தனியாகச் செய்வது கஷ்டம், ஊர் கூடினால் முடியும். கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சின்ன வலி நிவாரண மையம் ஆரம்பித்தார்கள். அது ஊர் ஊராகப் பரவியதற்குக் காரணம் டாக்டர்கள் மட்டுமல்ல. பயிற்சி எடுத்துக்கொண்ட சாதாரண ஜனங்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் வந்தார்கள். புண்ணைத் துடைத்தார்கள், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்தார்கள், நர்ஸைக் கூப்பிட்டு வந்தார்கள். வட்டிக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் போடுகிற உங்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

அதனால் அடுத்த கூட்டத்தில், கடன் பேச்சு முடிந்ததும், ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். உங்கள் ஊராட்சியில் புற்றுநோயாலோ வேறு நோயாலோ வலியில் படுத்திருப்பவர்கள் யார் யார் என்பது ஒன்று. தினமும் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார், என்ன மாத்திரை என்பது இன்னொன்று. முதல் பட்டியலை மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து, நோய் ஆதரவுச் சிகிச்சைக் குழுவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மார்பின் எங்கே கிடைக்கும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தருகிறார்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கிராம சபையிலும் கேளுங்கள். விவரத்துக்கு 104க்கும் போன் போடலாம். இரண்டாவது பட்டியலில் சிவப்புக் கட்டம் போட்ட அட்டை யாரிடமாவது இருந்தால், அவரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பாமல் உங்களில் ஒருத்தி கூடப் போங்கள். கூட்டம் எந்த நாள் என்று சொல்லியனுப்புங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மருந்துக்காரம்மா